பக்கப்பட்டை எவர் மொழியில்?

தமிழ்க் கழகங்களும் பள்ளிகளும் தத்தம் நூற்பட்டியல்களையும் ஆண்டு மலர்களையும் சொல்லடைவுகளையும் கணினியில் ஏற்றி, எவரும் எங்கிருந்தும் படிக்குமாறு செய்யத் தொடங்கியிருப்பது உவக்கத்தக்கதே. ஆயினும் அவற்றுட் சிலவற்றைத் திறந்து பார்ப்பார்க்கு ஓர் இழிவு கண்ணிற் படாமற் போகாது. நடுவே நிற்கும் கட்டுரை நல்ல தமிழில் இருக்கும். அதன் ஓரத்தே மேலிருந்து கீழாகத் தொங்கும் பக்கப்பட்டையோ தலைமுதல் அடிவரை ஆங்கிலமாயிருக்கும். முதற் பக்கத்திற்குச் செல்லவும், புதியன காணவும், உதவி பெறவும் வழிகாட்டும் சொற்கள் அப்பட்டையிலேயே உள்ளன. தமிழ் மட்டுமே அறிந்த முதியவரோ சிற்றூர் மாணவியோ உள்ளே வந்தால், அவர்க்கு வழி சொல்வது எவர் மொழி?

இக்குறை மென்பொருளினுடையதன்று, பொறுப்பேற்ற நம்மவர் கைவையாது விட்ட குறையே. விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களைத் திரட்டிக் காக்க 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் தளமும் மீடியாவிக்கி என்னும் விலையில்லா மென்பொருளில் இயங்குகின்றன. அதனை நிறுவுங்கால் அது இரு மொழிகளைத் தனித்தனியே கேட்கும். ஒன்று நிறுவுவோர் தாம் படிப்பதற்கான மொழி. மற்றொன்று தளத்தின் மொழி. இரண்டாம் கேள்விக்குத் தமிழ் என விடையிறுத்த அளவிலேயே பெரும்பாலான சொற்கள் தமிழாகிவிடும். ஈரிடத்தும் ஆங்கிலத்தையே விட்டு மேற்செல்வார்க்குப் பின்னர் யாரை நோவதற்கு உரிமையுண்டு?

பொறுப்பாளர் என்று யாம் எழுதுவது, நிருவாகி என்று பலரும் வழங்குகின்றவரையே. அது வடசொல் வழிவந்ததாதலின் ஈண்டு விலக்கினோம்.

இனிப் பட்டையைத் திருத்தும் முறை. மீடியாவிக்கியில் பக்கப்பட்டைக்கெனத் தனிப்பக்கமொன்று உண்டு. 'மீடியாவிக்கி:சைடுபார்' என்பது அதன் பெயர். ஆங்கில எழுத்தில்தான் அதனைத் தட்டச்சிட வேண்டியுள்ளது. அப்பக்கத்தைத் திருத்தும் உரிமை பொறுப்பாளர்க்கே உரியது. ஓர் உடுக்குறியிட்டுத் தொடங்கும் வரி தலைப்பாகும்; ஈருடுக்குறியிட்டுத் தொடங்கும் வரி இணைப்பாகும். இணைப்பு வரியின் நடுவே ஒரு நிலைக்கோடு நிற்கும். அதற்கு இடப்புறம் செல்லுமிடம். வலப்புறம் கண்ணுக்குத் தோன்றும் பெயர். பத்தாம் வகுப்பு மாணவனும் அரைமணியிற் கற்றுக்கொள்ளக்கூடிய முறை இது.

ஆயின் ஒரு நுட்பம் கருதத்தக்கது. வலப்புறத்தே எழுதப்பட்டது மென்பொருளின் உள்ளே வைக்கப்பட்ட குறிச்சொல்லாயின், மென்பொருள் அதற்குரிய தமிழ்ச்சொல்லைத் தேடியெடுத்துக் காட்டும். தமிழ் கிடையாதவிடத்து ஆங்கிலத்தைக் காட்டும். குறிச்சொல்லாக இல்லாவிடின், எழுதியது எழுதியவாறே தோன்றும். புதிதாகப் பொறுப்பேற்றோர் இதனை அறியாது, ஆங்கிலம் தோன்றுமிடமெல்லாம் குறிச்சொல்லை அழித்துத் தமிழை நேரே எழுதிவிடுகின்றனர். அவர்தம் ஆர்வம் போற்றத்தக்கது. ஆனால் அத்திருத்தம் அவருடைய ஒரு தளத்தோடே நின்றுவிடும். அக்குறிச்சொல்லின் தமிழாக்கத்தை டிரான்சுலேட்டுவிக்கி என்னும் மொழிபெயர்ப்புக் களத்தில் திருத்தினாலோ, அடுத்த பதிப்பிலிருந்து தமிழில் இயங்கும் தளங்களுக்கெல்லாம் அது சென்று சேரும். எனவே எல்லாத் தளத்திற்கும் பொதுவான பெயர்களை ஆங்கே திருத்துக. தம் கழகத்திற்கே உரிய இணைப்புகளை மட்டும் பட்டையில் நேர்தமிழில் எழுதுக.

'ஆங்கிலச் சொல்லே மக்களுக்குப் பழகிவிட்டது. மாற்றினாற் குழம்புவர்' என்பாரும் உளர். பழகியவர் யார்? ஆங்கிலம் கற்றவர். கல்லாதவர் பழகவில்லை, ஒதுங்கிப் போயினர். ஒதுங்கியவர் குரல் கேளாமையால் குறையே இல்லையென எண்ணிக்கொள்கிறோம்.

தமிழாக்கம் என்பது சொல்லுக்குச் சொல் வைப்பதுமன்று. விக்கிப்பீடியர் கூடிப் பேசுமிடத்தை ஆங்கிலத்தார் ஊர் அடிகுழாய் என்னும் பொருள்படப் பெயரிட்டு வழங்குகின்றனர். அவர்கள் ஊரில் நீரெடுக்க வந்தோர் நின்று பேசியது அங்கே. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அவ்விடத்திற்கு வாய்த்த பெயர் ஆலமரத்தடி. என்ன அழகு! குழாயைப் பெயர்க்காமல் கூட்டத்தைப் பெயர்த்தனர். பெயரைக் கேட்ட அளவிலேயே எவரும் சென்று அமரலாம் என்பது விளங்கிவிடுகின்றது. இத்தகைய ஒரு பெயர் நூறு விளக்கக் குறிப்புகளுக்கு ஈடாகும்.

இதற்கு மாறாகச் 'சிறப்புப் பக்கங்கள்' என்னும் பெயரைப் பாருங்கள். தமிழிற் சிறப்பு என்றால் மேன்மை. மென்பொருள் தானே தொகுத்துக் காட்டும் பட்டியல்களுக்கு மேன்மை எங்கிருந்து வந்தது? ஆங்கிலச் சொல்லின் நிழலில் நின்று பெயரிட்டதன் விளைவு இது. தொகுப்புப் பட்டியல்கள் என்றிருப்பின் கருத்து நேரே விளங்கும். எழுத்து தமிழாயிருந்தாற் போதும், கருத்து எவ்வாறேனும் இருக்கட்டும் என்பது தனித்தமிழ்க் கொள்கையாகாது.

நம்மவரிடத்தும் ஒரு மிகை உண்டு. பட்டை கைக்கு வந்தவுடன் அதனை முழக்கப் பலகையாக்கி விடுகின்றனர். தலைவர்தம் படம், கொள்கை வரிகள், பிற இயக்கங்களின் இணைப்புகள் என இருபது முப்பது வரிகள் அடுக்கப்படுகின்றன. உதவி என்னும் வரி அடியிற் புதைந்து போகின்றது. போதாக்குறைக்கு, ஒருவர் நேற்று ஆக்கிய ஏழசைச் சொல்லொன்று அகலமற்ற அப்பட்டையில் மூன்றாக முறிந்து கிடக்கும். வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்ட அடிகள், ஊரார் வாயில் எளிதில் நிற்கும் பெயரையே தேர்ந்தார். முதற் பக்கம், உதவி, அண்மைய மாற்றங்கள், புதிதாய் எழுத, பேசுமிடம் ஆகியவை மேலே நிற்கட்டும். கொள்கைக்கு நடுவிலே கட்டுரை இருக்கின்றது. கருவிகள் என்னும் தொகுதியை மென்பொருளே ஆக்கித் தரும். அது கீழே இருந்தாற் போதும்.

திருத்தியபின், முன் எடுத்து வைக்கப்பட்ட படியையே மென்பொருள் சிறிதுநேரம் காட்டக்கூடும். அதுகண்டு மனந்தளர்ந்து மீண்டும் மீண்டும் அழித்தெழுத வேண்டா. பொறுப்பாளர் கணக்கிலிருந்து வெளியேறி, புதியவர் வருவதுபோல் வந்து நோக்குக. கணினி பழகாத தமிழர் ஒருவரை அருகிருத்தி, எந்த வரியில் அவர் கண் தயங்குகின்றது என்று காண்க. மொழிபெயர்ப்புக் களத்திலோ தமிழ் பெறாத வரிகளும் நிழற்றமிழ் வரிகளும் ஆளின்றிக் கிடக்கின்றன. கணினிப் பழக்கமுடைய அன்பர்கள் கிழமைக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கி, ஊர்க் கழகத்திற்கு இருவராகக் கூடி, பக்கப்பட்டைச் சொற்களிலிருந்தே அப்பணியைத் தொடங்குவாராக.