படத்தில் தெரியாத காளான்

இரண்டு நாள் விட்டுவிட்டு மழை பெய்தால் போதும். ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் புலனக் குழுக்களில் காளான் படங்கள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் செம்பனை மரத்தடியில் நின்றபடியே மேலிருந்து எடுத்த படம். கீழே ஒரே கேள்வி: "இதைச் சாப்பிடலாமா?" ஐந்து நிமிடத்தில் பதிலும் வரும். ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்வார். இன்னொருவர் படத்தைச் செயலி ஒன்றில் போட்டு, அது சொன்ன பெயரை அப்படியே ஒட்டுவார். பெயர் இலத்தீனில் இருக்கும். இலத்தீனில் இருப்பதாலேயே சரியாக இருக்கும் என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

இந்தச் செயலிகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விக்டோரியா மாநிலத்தில் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கிடைத்த 78 காளான்களின் படங்களை மூன்று செயலிகளிடம் கொடுத்தார்கள். முடிவு 2023-இல் வெளிவந்தது. மூன்றில் சிறந்த செயலியே 49 விழுக்காட்டைத்தான் சரியாகச் சொன்னது. மற்ற இரண்டும் 35 விழுக்காட்டோடு நின்றன.

உரையாடும் செயற்கை நுண்ணறிவு இன்னும் மோசம். 2024 நவம்பரில், அமெரிக்கக் காளான் ஆர்வலர்களின் முகநூல் குழு ஒன்றில் மெத்தா நிறுவனத்தின் உரையாடி ஒன்று சேர்க்கப்பட்டது. ஆர்செனிக் நஞ்சைத் தன்னுள் சேர்த்துவைக்கும் ஒரு காளானின் பெயரைச் சொல்லி, எப்படிச் சமைப்பது என்று ஓர் உறுப்பினர் வேண்டுமென்றே கேட்டார். வெண்ணெயில் வதக்கலாம், சூப்பில் போடலாம், ஊறுகாய் போடலாம் என்று அது பணிவாகப் பதில் சொன்னது.

இனி வரும் செயலிகள் திருந்திவிடும் என்று சொல்லலாம். ஆனால் சிக்கலில் பாதி படத்திலேயே இருக்கிறது. நம் தோட்டங்களில் எல்லாரும் தேடும் புற்றுக்காளானை எடுத்துக்கொள்வோம். மலாய்க்காரர்கள் செண்டவான் பூசுட் என்பார்கள். கறையான் தன் புற்றுக்குள் உணவுக்காக வளர்க்கும் பூஞ்சை அது. குடையின் நடுவில் கூரான முனை இருக்கும். தண்டின் அடிப்பகுதி வேர்போல நீண்டு, மண்ணுக்குள் புற்றுவரை போகும். அதைப்போலவே வெளிறிய பெரிய குடையோடு, கோயில் புல்தரையிலும் பள்ளித் திடலிலும் முளைக்கும் இன்னொன்று உண்டு. குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்பது அதன் பெயர். வெப்பமண்டல நாடுகளில் காளான் நஞ்சேற்றத்துக்கு அடிக்கடி காரணமாவது இதுதான். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். முற்றிய பிறகு குடையின் அடியில் உள்ள மடிப்புகள் பச்சை கலந்த நிறமாகும். இளசாக இருக்கும்போது அவையும் வெள்ளைதான். மேலிருந்து எடுத்த படத்தில் மடிப்பும் தெரியாது, மண்ணுக்குள் போகும் வேரும் தெரியாது.

குடையை வெட்டி வெள்ளைத் தாளில் ஓர் இரவு கவிழ்த்து வைத்தால், கொட்டும் வித்துத்தூளின் நிறம் தெரியும். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு, அந்தப் போலிக்குப் பச்சை. கைப்பேசியால் இதைச் செய்ய முடியாது. அதற்காக இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து உலை ஏற்றிவிடவும் கூடாது.

அப்படியானால் பெரியவர்களின் அனுபவத்தை நம்பலாமே? பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு எந்தப் புற்றில் எந்த மாதம் காளான் பூக்கும் என்பது தெரியும். அந்த அறிவு உண்மையானது. ஆனால் அது ஓரிடத்தின் அறிவு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது, இயந்திரங்கள் பல புற்றுகளைத் தரைமட்டமாக்கின. இப்போது எண்ணெய் எடுத்தபின் ஆலை கழிக்கும் வெற்றுக் குலைகளில் வைக்கோல் காளான் முளைக்கிறது. அதன் இளம்பருவம் முட்டை வடிவில் இருக்கும். உயிரைப் பறிக்கும் அமானிட்டா வகைகளும் முட்டை வடிவில்தான் தொடங்குகின்றன. ஐரோப்பாவிலிருந்து மரங்களோடு ஆஸ்திரேலியாவுக்குப் போன அமானிட்டா வகை ஒன்றை உண்டு, கான்பராவில் 2012 புத்தாண்டையொட்டி இருவர் இறந்தனர். ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் அதை வைக்கோல் காளான் என்று எண்ணிவிடக்கூடும் என்று அங்கே தொடர்ந்து எச்சரிக்கிறார்கள்.

நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது அசாம். 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். நம்மைப் போலவே, வெள்ளைக்காரர் காலத்தில் வேற்றிடத்திலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். தலைமுறைகளாகக் காளான் பறிக்கும் சமூகத்திலும் இது நடக்கிறது. நம் நாட்டிலும் கிளந்தானில் காட்டுக் காளான் உண்டு நஞ்சேறி வந்த ஐவரைப் பற்றி, மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2008-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

என் பார்வையில் செயலிக்கும் பாட்டிக்கும் உள்ள குறை ஒன்றுதான். இருவரும் வேறொரு நிலத்தைப் படித்தவர்கள். பாட்டி படித்தது பழைய ரப்பர் தோட்டத்தை. செயலி படித்ததோ பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்த படங்களை. ஜெம்போலிலோ தம்பினிலோ இன்று செம்பனைக்கு அடியில் என்ன முளைக்கிறது என்பதை முறையாகப் பதிந்தவர்கள் குறைவு. தமிழில் தோட்டத்து மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர்களைப் பதிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

படம் எடுக்கும் பழக்கம் பயன்பட வேண்டிய இடம் இதுதான். பல்கலைக்கழகத் தமிழ்க் கழகங்களும் பள்ளி அறிவியல் மன்றங்களும் இதை எடுத்துச் செய்யலாம். மேலிருந்து ஒரு படம் போதாது. மடிப்பு தெரிய ஒன்று, அடிவேரோடு தோண்டி எடுத்தது ஒன்று, நெடுக வெட்டியது ஒன்று, பக்கத்தில் என்ன மரம் என்று காட்ட ஒன்று. அளவு தெரிய ஒரு பத்து சென் நாணயத்தை வைக்கலாம். கூடவே அந்தத் தோட்டத்துப் பெரியவர் சொல்லும் பெயர். இப்படிச் சேர்ப்பதை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால், கெப்போங் வன ஆய்வுக் கழகத்தில் இருப்பவர்களுக்கும் அது பயன்படும். பதிவுக்காக மட்டும், சட்டிக்காக அல்ல.

யாராவது ஏற்கெனவே சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனால், குழுவில் படம் போட்டுக் காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கினால் ஆபத்து கூடுதல். நடுவில் ஒருநாள் தேறியதுபோல் தெரிந்தாலும் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கலாம். எப்போது சாப்பிட்டோம், எப்போது வயிறு புரட்டத் தொடங்கியது என்ற இரண்டு நேரத்தையும் மருத்துவர் முதலில் கேட்பார். சமைக்காத காளான் மிச்சம் இருந்தால் பிளாஸ்டிக் பையில் போடாமல் தாளில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். அது இல்லாவிட்டால் சட்டியில் மிஞ்சிய குழம்பையாவது.