சுண்டெலியும் நம் கடமையும்

கருவில் வளரும் சிசுவுக்குக் கண் எவ்வாறு உருவாகிறது? இதயம் உரிய இடத்தில் அமைவது எப்படி? இவற்றை அறிய விஞ்ஞானிகள் சுண்டெலிகளைச் சோதனைக்கு உட்படுத்துகின்றனர். வாயில்லா ஜீவனை இப்படி வதைக்கலாமா என்று பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். இது குறித்து மாணவியராகிய எங்கள் கருத்தைக் கூற விழைகிறோம்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்வோம். அதனுள் இருக்கும் ஒரு லீவரின் வேலை என்ன? அதை மட்டும் கழற்றிவிட்டு, பூட்டில் என்ன கெடுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். விஞ்ஞானிகளும் ஒரே ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்து சுண்டெலியை வளர்க்கின்றனர். அதுவே 'நாக்அவுட்' சுண்டெலி. இத்தகைய சுண்டெலிகள் முதன்முதலில் 1989இல் உருவாயின. இதற்கு வழிகண்ட கேப்பெச்சி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் ஆகிய மூவரும் 2007இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர்.

'பேக்ஸ்-6' என்னும் மரபணு அறவே இல்லாத சுண்டெலிக் குட்டி, கண்களின்றிப் பிறந்து உடனே இறந்துவிடுகிறது. மனிதரில் இம்மரபணுவின் இரு பிரதிகளுள் ஒன்று பழுதானாலே, கண்ணின் ஐரிஸ் சரியாக வளராமல் குழந்தை பிறக்கக்கூடும். மனிதக் கருவில் இச்சோதனையைச் செய்து பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. அந்த உயிர் புனிதமானது. ஆதலின், நம் மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இணையானவற்றைக் கொண்டதும், ஏறக்குறைய இருபதே நாளில் குட்டி ஈனுவதுமான சுண்டெலியிடம் நாம் பாடம் கேட்கிறோம்.

அதனால் எதையும் செய்யலாம் என்று பொருளா? இல்லை! மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் விலங்குகளுக்காகக் குரல் எழுப்பினார். அதன் பயனாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. புதிய அறிவுக்கும் உயிர் காப்பதற்கும் நடக்கும் சோதனையை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால், வெறும் கைப்பழக்கத்திற்காக விலங்கை அறுக்கலாகாது என்கிறது. நூலும் மாதிரி உருவமும் போதுமான இடத்தில் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1992இல் வெளியிட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூலும், மனித உயிரைக் காக்க உதவும் சோதனைகளை நியாயமான வரம்புக்குள் மட்டுமே ஏற்கிறது.

ஆகவே, சோதனையே கூடாது என்பதும் தவறு. எலிதானே என்ற அலட்சியமும் தவறு. எத்தனையோ குட்டிகள் பிறக்கும் முன்னரே மடிகின்றன. அவற்றின் எண்ணிக்கையைக் குறைப்பதும், வலியைத் தவிர்ப்பதும், கிடைத்த அறிவை வீணாக்காதிருப்பதும் விஞ்ஞானியின் கடமை.

நாளை எங்களுள் சிலர் மருத்துவராகலாம், ஆராய்ச்சியாளராகலாம். நம்மைப் படைத்த இறைவனே சுண்டெலியையும் படைத்தார் என்பதை ஆய்வுக்கூடத்திலும் மறவாதிருப்போம். அறிவோடு இரக்கமும் சேரும்போதுதான் கல்வி முழுமை பெறும்.