14 பேர் போதும்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை எங்கட பக்கத்தில ஒரே பேச்சுத்தான். பயோ செய்த பிள்ளைக்கு மெடிசின் கிடைக்குமா, மெட்ஸ் செய்த பிள்ளைக்கு எஞ்சினியரிங் கிடைக்குமா? ரெண்டும் கிடைக்காத பிள்ளையை “சயன்ஸ்தானாம் கிடைச்சிருக்கு” எண்டு செத்தவீட்டுக் குரலில சொல்றாங்க. தொழில் வழிகாட்டல் எண்டு கருத்தரங்கு வைக்கிறவங்களும் வங்கி, கணினி, கணக்கியல், வெளிநாடு எண்டு நாலு கதவைக் காட்டிப்போட்டு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறாங்க. தன்னாமுனை வாவிக்கரையில இருக்கிற ஊர். இங்க இருந்துகொண்டு, தண்ணியைப் படிக்கிறதும் ஒரு தொழில்தான் எண்டு ஒரு பிள்ளைக்கும் ஒருவரும் சொல்றதில்ல.

நாங்கள் சொல்றம். நீரியல், நீர்த்தர விஞ்ஞானம் எண்டு ஒரு துறை இருக்கு. மழை எவ்வளவு பெய்தது, அதில எவ்வளவு மண்ணுக்குள்ள இறங்கினது, எவ்வளவு ஆத்தால ஓடினது, கிணத்துல உப்பு எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு, மலக்கிருமி இருக்கா இல்லையா எண்டு அளந்து, வருஷக்கணக்காக எழுதிவைத்து, அதிலிருந்து முடிவு சொல்ற வேலை. இந்த வேலைக்கு இந்த மாவட்டத்தில ஆள் வேணும். ஆள் இல்லாததால நாங்கள் என்ன விலை குடுத்திருக்கிறம் எண்டு பாருங்க.

2004 டிசம்பர் 26. சுனாமி கிழக்குக் கரையோரக் கிணறுகளை உப்பாக்கிப்போட்டுது. உதவிக்கு வந்த நிறுவனங்கள் பம்பைப் போட்டு இறைத்தன. உப்புப் போகல்ல எண்டு திரும்பவும் இறைத்தன. பார்க்க நல்ல வேலைதான். ஆனா கடலோர மணலுக்குக் கீழ நன்னீர், உப்புநீருக்கு மேல மிதந்துகொண்டிருக்கு. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நன்னீர் நிண்டால், கடல் மட்டத்துக்குக் கீழ ஏறத்தாழ 40 அடி வரைக்கும் நன்னீர் இருக்கும் எண்டது நூறு வருஷத்துக்கு மேல தெரிஞ்ச கணக்கு. மேல ஒரு அடி குறைந்தால் கீழ இருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். அளவுக்கு மீறி இறைச்சால் கிணறு திருந்தாது, இன்னும் கெடும். சுனாமிக்குப் பிறகு இங்க ஆய்வு செய்தவர்கள் இதைத்தான் எழுதினாங்க. இலங்கையில பிறந்து அமெரிக்காவில பேராசிரியராக இருக்கிற திஸ்ஸ இல்லங்கசேகர தலைமையில 2006இல வந்த ஆய்வுக் கட்டுரை இதில முக்கியமானது. உப்பைக் கழுவுற பெரிய வேலையை மாரி மழைதான் செய்தது. பம்பு பிடிச்சவனுக்குப் பக்கத்தில நிண்டு “போதும், நிப்பாட்டு” எண்டு சொல்ல, இந்தக் கணக்குத் தெரிஞ்ச ஒரு ஊர்ப் பிள்ளை வேணும். கட்டுரை வரும் வரைக்கும் கிணறு காத்துக்கொண்டிருக்காது.

அடுத்தது 2018. பெரியபுல்லுமலையில போத்தல் தண்ணித் தொழிற்சாலை வேணாம் எண்டு செப்டெம்பரில மட்டக்களப்பில ஹர்த்தால் நடந்தது. நிலத்தடி நீர் வத்திப்போகும் எண்டது சனத்துட பயம். நியாயமான பயம். வறண்ட காலத்தில கிணறு வத்துற பக்கம் அது. ஆனா அந்த நாட்களில எங்கட காதுக்கு வந்தது என்ன? நாளுக்கு எத்தனை லீற்றர் எடுத்தால் சுத்தியுள்ள கிணறுகள் எவ்வளவு இறங்கும் எண்ட கதையா? தொழிற்சாலை யாருட, அவர் எந்த இனம், பின்னால நிக்கிறது எந்த அரசியல்வாதி எண்ட கதைதான் பெரிசாக் கேட்டுது. கிணத்துட மட்டம் பத்து வருஷமாக எழுதிவைக்கப்பட்ட ஊரில இந்த விவாதம் வேறு மாதிரிப் போயிருக்கும். எண் இல்லாத இடத்தில இனம் வந்து குந்திவிடும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே நிலத்தடி நீரைக் குடிக்கிற மாவட்டத்தில இது விளையாட்டுக் கதையில்ல.

அளவீடு இருந்தால் என்ன நடக்கும் எண்டதுக்கு வடக்கில ஒரு உதாரணம் இருக்கு. சுன்னாகத்தில மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில கலந்தது எண்ட பிரச்சினை வருஷக்கணக்கில இழுபட்டது. கலந்திருக்கு, கலக்கல்ல எண்டு ரெண்டு பக்கமும் கதை. கடைசியில 2019 ஏப்ரலில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மின் உற்பத்தி செய்த கம்பனி பாதிக்கப்பட்ட சனத்துக்கு 2 கோடி ரூபா குடுக்கவேணும். அந்த வழக்கில கைகொடுத்தது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறு கிணறாக மாதிரி எடுத்து எழுதிவைத்த அளவீடு. ஊர்வலம் தேவைதான், நாங்களும் போவம். ஆனா நீதிமன்றத்தில கிணத்துக்காகப் பேசினது மாதிரிப் போத்தலும் ஆய்வுகூடத் தாளும்.

இப்ப உங்கட கேள்வி எங்களுக்குத் தெரியும். “எல்லாம் சரி தம்பி, வேலை எங்க இருக்கு?”

கொஞ்சம் இருக்கு. நீர் வழங்கல் சபைக்கு இரசாயனவியலாளர் வேணும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில நீரியல் பிரிவு இருக்கு. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால உருவான, நிலத்தடி நீரைப் பார்க்கிற நீர்வளச் சபை இருக்கு. மத்திய சுற்றாடல் அதிகாரசபை இருக்கு. படிக்கிற வழியும் தூரமில்ல. தன்னாமுனையில பஸ் ஏறினால் அதே வீதியில செங்கலடி தாண்ட வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில விஞ்ஞான பீடமும் இருக்கு, விவசாய பீடமும் இருக்கு. நிலத்தடி நீரை ஆழமாகப் படிக்க நினைச்சால் பேராதனையில புவிச்சரிதவியல் இருக்கு. ஆனா இந்த இடங்களில வேலை எண்ணிக்கை குறைவு எண்டதை நாங்கள் மறைக்கல்ல. அதுதான் எங்கட சண்டையே.

இந்த அரசு பட்டதாரிகளை எடுக்காமல் இருந்ததில்ல. 2020இலயும் பட்டதாரிப் பயிலுநர் எண்டு ஆயிரக்கணக்கில எடுத்தது. அதுக்கு முன்னமும் அபிவிருத்தி உத்தியோகத்தர் எண்டு எடுத்தது. இரசாயனவியல் படிச்ச பிள்ளை பிரதேச செயலகத்தில என்ன செய்யுது? கோவை தூக்குது, கூட்டத்துக்குக் கதிரை அடுக்குது, வரவுப் பதிவேட்டில கையெழுத்துப் போடுது. சம்பளம் ஏற்கனவே போகுது. படிச்ச படிப்பு மட்டும் லாச்சிக்குள்ள கிடக்கு. பிள்ளைகளில பிழை இல்ல. அந்தப் படிப்பை வைத்து என்ன செய்யலாம் எண்டு யோசிக்காத ஆட்களில பிழை.

அதனால நாங்கள் கேட்கிறது பெரிய திட்டமில்ல. மட்டக்களப்பு மாவட்டத்தில 14 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கு. ஒவ்வொன்றிலும் ஏற்கனவே சம்பளம் வாங்குற ஒரு விஞ்ஞானப் பட்டதாரியை இந்த வேலைக்கு விடுங்க. 14 பேர். ஒருவருக்கு 20 கிணறு. மாசம் ஒருக்கா அதே கிணறு, நீர்மட்டமும் மின்கடத்துதிறனும். உப்புக் கூடினால் மின்கடத்துதிறன் கூடும், அதை அளக்கிற கையடக்கக் கருவி ஒரு ஸ்மார்ட் போனை விட மலிவு. நைத்திரேற்றையும் கிருமியையும் கருவி மட்டும் வைத்துப் பார்க்க ஏலாது. அதுக்கு வருஷத்தில ரெண்டு தரம், மாரிக்கு முன்னும் பின்னும், மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். களுதாவளை போல மணலில மரக்கறி செய்யிற ஊர்களில போடுற உரம் கிணத்துக்கு இறங்கக் கனநாள் எடுக்காது, அங்க இது கட்டாயம் வேணும். 280 கிணறு, வருஷத்துக்கு 3360 அளவீடு. பத்து வருஷத்தில இந்த மாவட்டத்தை ஏமாத்த வாறவனுக்கு முன்னால வைக்க எங்களிட்ட ஒரு கொப்பி இருக்கும்.

அந்தக் கொப்பி தமிழில இருக்கவேணும். கிணறு இருக்கிற ஊரில, சனம் பார்க்கிற பலகையில ஒட்டப்படவேணும். மாரியில வாவி நிரம்பி படுவான்கரை வயல் தாழும்போது முகத்துவாரத்தை எப்ப வெட்டுறது எண்டு வருஷா வருஷம் இழுபறி. வயல்காரருக்கு ஒரு கணக்கு, உப்புத்தண்ணியும் நல்ல தண்ணியும் எப்ப மாறுது எண்டதில பிழைக்கிற மீனவருக்கு இன்னொரு கணக்கு. ரெண்டு பேரும் வாசிக்காத ஆங்கில அறிக்கையால அந்தச் சண்டை தீராது. சுவாமி விபுலாநந்தர் பெயரை மேடைக்கு மேடை சொல்றம். அவர் விஞ்ஞானத்தில டிப்ளோமா எடுத்தவர், விஞ்ஞானம் படிப்பிச்சவர், தமிழில அறிவியல் கலைச்சொல் ஆக்க உழைச்சவர் எண்டதை எத்தனை மேடையில கேட்டிருக்கிறீங்க? பாடுமீன் பாட்டோட நிப்பாட்டிப்போடுறாங்க.

அம்மா அப்பாமாருக்கு ஒண்டு. “பொம்பிளப் பிள்ளை கிணறு கிணறாத் திரியிறதா, தோணியில போறதா” எண்டு கேட்காதீங்க. வீட்டுக்குத் தண்ணி அள்ளக் குடத்தோட அனுப்பும்போது அந்தக் கேள்வி வரல்லயே.

உயர்தரத்தில இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு, மேல்படிப்புக்கு வெளிநாடு போறதை நாங்கள் எதிர்க்கல்ல. போங்க, படிங்க. ஆனா சயன்ஸ் கிடைச்சதை வெட்கமா நினைக்காதீங்க. இரசாயனவியலைப் பிடிங்க, புள்ளிவிபரவியலை விடாதீங்க, ஆங்கிலத்தோட மல்லுக்கட்டுங்க. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டால் உங்கட ஊர்க் கிணறுகளைக் குடுங்க. முடிவு வந்தால் நூலகத்தில பூட்டாமல் ஊருக்குச் சொல்லுங்க. உத்தியோகத்தில இருக்கிற அண்ணன் அக்காமார், உங்கட பிரதேச செயலாளரிட்ட இந்த 14 பேர் கதையை எழுத்தில குடுங்க. ஏலாது எண்டால் ஏன் ஏலாது எண்டதையும் எழுத்தில கேளுங்க. மாரி தொடங்க முதல் அளக்கத் தொடங்கினால்தான் முதல் வருஷக் கணக்கு முழுசா வரும்.