கள்ளன் முக்காடு போட்டா வருகிறான்?



கைத்தொலைபேசி வழியாகப் பணம் பறிபோகும் செய்தி வராத நாளில்லை. போலீசும் வங்கிகளும் எச்சரிக்கைப் படம் ஒட்டாமலும் இல்லை. பிறகு ஏன் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள்?

அண்மையில் பங்சார் போயிருந்தேன். ஒரு காலத்தில் அதுவும் ரப்பர்த் தோட்டந்தான். பங்கே, கிரிசார் என்ற இரண்டு முதலாளிமாரின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர் என்பார்கள். அங்கே அடுக்குமாடி வீட்டில் ஒரு பெரியவர். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். "கல்யாணப் பத்திரிகைன்னு வாட்சாப்ல வந்துச்சு தம்பி. தெரிஞ்ச வீட்டு நம்பர். தொட்டுப் பாத்தேன், அது கேட்டதுக்கெல்லாம் 'சரி'ய அமுக்கிட்டேன்" என்றார். வந்தது பத்திரிகை அல்ல, பெயர் முடிவில் ஏ, பி, கே என்று மூன்று ஆங்கில எழுத்து கொண்ட செயலி. அது உள்ளே உட்கார்ந்து, வங்கி அனுப்பும் இரகசிய எண்ணைப் படித்துக் கள்ளனுக்கு அனுப்பிவிட்டது. சேமநிதியில் மிச்சமிருந்த காசு போயிற்று.

கீழ்மாடிச் சுவரிலே ஓர் எச்சரிக்கைப் படம். கறுப்பு முக்காடு போட்டு, கணினி முன்னால் ஒருவன். சுற்றிலும் பொடி எழுத்து. பெரியவரிடம் காட்டினேன். "இவன் யாரு, சினிமாக்காரனா?" என்று கேட்டார். தப்பு அவர்மேல் இல்லை. அவரிடம் கள்ளன் தாலியும் மாலையும் போட்ட அட்டையாக அல்லவா வந்தான்!

களைக்கொல்லி டின்னை நினைத்துப் பாருங்கள். படிக்காத நம் தாய்மாரும் மண்டையோட்டைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் ஆபத்தைச் சொன்னது. கை படுகிற இடத்திலேயே இருந்தது.

ஆறுதல் சொல்லும் படம் அப்படி வேலை செய்வதில்லை. இணையப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நல்லவன் கடை என்று பலர் நம்பினார்கள். வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதுதான் பூட்டுக்கு அர்த்தம். அந்தப் பக்கம் இருப்பவனே கள்ளனாக இருக்கலாம். இந்தக் குழப்பத்தால் 2023-இல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. இன்னொன்று: நாம் தேர்ந்தெடுத்த படத்தைக் காட்டிய பிறகே கடவுச்சொல் கேட்கும் முறை நம் நாட்டு வங்கிகள் சிலவற்றிலும் உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்ட், எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். படத்தை மறைத்துப் பார்த்தபோது, சொந்தக் கணக்கைப் பயன்படுத்திய 25 பேரில் 23 பேர் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டார்கள். படித்தவர் ஊரிலேயே இந்தக் கதை! இல்லாத ஒன்றைக் கண் தேடாது.

ஆகவே நமக்கு வேண்டிய படம் வேறு. கல்யாண அட்டை ஒன்று. அதன் வாலில் தேள்கொடுக்கு போல அந்த மூன்று எழுத்து. கீழே பெரிதாக 997. ஏமாந்ததும் தாமதிக்காமல் கூப்பிட 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி மையத்தின் எண் அது. ஒரு படத்துக்கு ஒரு சங்கதி போதும். எழுத்து தமிழில் இருக்கட்டும். ஆபீசுச் சுவரில் ஒட்டி என்ன பயன்? பெரட்டுக் களத்திலும் மளிகைக்கடையிலும் கோயில் மண்டபத்திலும் ஒட்ட வேண்டும்.

இன்னொரு காரியம் இன்றைக்கே செய்யலாம். ஆண்ட்ராய்டு தொலைபேசியில் மொழியைத் தமிழுக்கு மாற்றலாம். தெரியாத செயலி நுழையும்போது தொலைபேசி காட்டும் எச்சரிக்கை அப்போது தமிழிலேயே வரும். படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் இரண்டு நிமிஷ வேலை. அந்தப் பெரியவருக்கு நானே மாற்றிக் கொடுத்தேன். "இது முன்னயே இங்க இருந்துச்சா?" என்றார்.