‘பக்கவிளைவே இல்லை’ என்னும் பொய்

“அது இயற்கையானதுங்க, பக்கவிளைவே கிடையாது.” புற்றுநோய் சிகிச்சை நடக்கிற வீட்டுக்கு வந்து இதைச் சொல்லாத உறவினர் அபூர்வம். நோயாளிக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் இதைவிட ஆபத்தான பேச்சு வேறில்லை. சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு, வந்த சூரண டப்பாவை அலமாரிக்குள் ஒளித்து வைக்கும் வேலை மனைவிக்கோ கணவனுக்கோ வந்து சேர்கிறது.

நுரையீரல், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு இன்றும் தரப்படும் சிஸ்பிளாட்டின், 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து அது. கீமோ நாளில் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவதும், ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு கிரியாட்டினின் பார்ப்பதும் அதனால்தான். மல்டிபிள் மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோயில் மருந்துகூட வேண்டாம், நோயே சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய அது 6.5ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். பல நேரம் முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது.

நாம் அன்போடு நீட்டுபவை என்னென்ன? இளநீர், சாத்துக்குடிச் சாறு, வாழைப்பழம், முருங்கைக்கீரை சூப். எல்லாவற்றிலும் பொட்டாசியம். உடம்புக்கு நல்லதென்று வாங்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. இன்னொரு நோயாளிக்கு சிஸ்பிளாட்டினே பொட்டாசியத்தைச் சிறுநீரில் இறக்கிவிட்டிருக்கும். அவரை டாக்டரே இளநீர் குடிக்கச் சொல்லக்கூடும். யாருக்கு எது என்று முடிவு செய்வது கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை. எதிர்வீட்டு மாமியின் அனுபவம் அதற்கு ஈடாகாது.

பச்சிலை விஷயம் இதைவிட மோசம். ஆடுதின்னாப்பாளை நம் ஊர்க் காடுகரையில் முளைப்பது. ஆடுகூட வாய் வைக்காது என்று பெயரே சொல்கிறது. நாம் அதைப் பொடித்துத் தின்கிறோம். அதன் இனச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை விழுங்கிய பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மாத்திரையில் ஒரு மூலிகைக்குப் பதிலாக இந்த இனச் செடி ஒன்று தவறுதலாகச் சேர்ந்திருந்தது. அவர்களில் சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 பேரைப் பரிசோதித்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. ஒரே செடி, இரண்டு நோயும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இச்செடிகளை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

‘கீமோ விஷம், மூலிகை அமுதம்’ என்பவர்களிடம் ஒன்று கேட்கலாம். ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்டின் எங்கிருந்து வந்தது? வாசலில் பூத்திருக்கும் நித்தியகல்யாணியிலிருந்து. நான் சித்த மருத்துவத்தைப் பழிக்கவில்லை. சரக்குகளை நஞ்சு நீங்கச் சுத்தி செய்த பிறகே மருந்தாக்க வேண்டும் என்பது அந்த மரபின் பாலபாடம். மூலிகையில் கெடுதலே இல்லை என்றால் சுத்தி எதற்கு? பக்கவிளைவில்லாக் கதை வாட்ஸ்அப்பும் விளம்பரமும் கட்டிவிட்டது. முள் சீத்தாப்பழம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலுவானது என்பதும் அதே பட்டறையின் சரக்குதான்.

மக்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதும் புரிகிறது. டாக்டர் பேசுவது சில நிமிடம். சித்தப்பா உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறார். வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டாலும் கேள்வியிலேயே ஏளனம் தொனிக்கும். அப்புறம் யார் உண்மையைச் சொல்வார்கள்? மருத்துவர்கள் திருத்திக்கொள்ள வேண்டிய குறை இது.

நடுவில் மாட்டிக்கொள்வது துணை. வேண்டாம் என்றால் ‘கல்நெஞ்சுக்காரி, புருஷனுக்கு ஒரு வாய் இளநீர்கூடக் கொடுக்க மாட்டேங்குறா’ என்ற பேச்சு. கணவன் தடுத்தால் ‘ஜாக்கிரதையான ஆளு’ என்பார்கள், மனைவி தடுத்தால்தான் நெஞ்சில் ஈரமில்லை. இந்த அநியாயத்துக்கு அஞ்சி வாய் மூடியிருக்கக் கூடாது. மறுப்பதும் பணிவிடையில் சேர்த்தி.

உங்கள் வீட்டில் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறதா? சூரணம், லேகியம், கஷாயப் பொடி, மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோபினாக், ஐபுபுரோபென் வலி மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அடுத்த முறை டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். திட்டினால் திட்டட்டும். ஒன்று விடாமல் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.