வரிசைக்கு முன் பரிசோதனை

மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரிலுள்ள பெரிய அரசு மருத்துவமனையில், வந்த வரிசைப்படியே குழந்தைகள் காத்துக்கிடந்த வழக்கத்தை மாற்றி, அபாய நிலையிலுள்ளோரை முதலிலேயே இனங்கண்டு சிகிச்சை தொடங்கும் முறையை 2001-ஆம் ஆண்டையொட்டிக் கைக்கொண்டபின், உள்நோயாளிக் குழந்தைகளின் மரணம் 10 முதல் 18 சதவிகிதம் என்றிருந்த நிலை மாறி, 6 முதல் 8 சதவிகிதமாகக் குறைந்தது என்பதை ஆரோக்கிய சாஸ்திரத்தில் சிரத்தையுள்ள எவரும் மறத்தலாகாது.

உரக்க அழும் குழந்தையே எல்லோருடைய கவனத்தையும் கவர்கிறது. ஆனால் அழவும் சக்தியின்றி, தாயின் தோளில் துவண்டு கிடக்கும் குழந்தையே பெரும்பாலும் அதிக ஆபத்தில் இருப்பது. ஒரு வயது நிரம்பாத, இரண்டு மாதம் கடந்த சிசு நிமிஷத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சுவிடுமாயின் அது விரைந்த சுவாசம். அதை முழு நிமிஷம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ரத்த அழுத்தம் குறையும் வரை காத்திருப்பதோ விபரீதம்; குழந்தையின் தேகம் இறுதிவரை அதைத் தாங்கிப் பிடித்துப் பின்னர் சடுதியில் கைவிட்டுவிடும்.

இவற்றை அறிந்துகொள்ள விலையுயர்ந்த யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற தாதியின் கண்ணும் கையும், விநாடி முள்ளுள்ள கடிகாரமும் போதும். ஆதலால், பதிவுச் சீட்டு எழுதுமுன்னரே குழந்தையைப் பார்க்கும் அதிகாரத்தை அத்தாதிக்கு அளித்து, அவரை அடிக்கடி வேறு பிரிவுக்கு மாற்றாதிருக்கும்படி ஆஸ்பத்திரி நிர்வாகிகளை வேண்டுகிறேன்.