வெற்றுப் பெட்டியும் விளையாட்டுக் குழந்தையும்



பங்குக் குரு வீட்டுக்கு வருகிறார் என்றவுடன், சிதறிக் கிடப்பவற்றையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு நிமிரும் தாய்மாரை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். சில திங்களுக்கு முன் நான் சென்ற ஒரு வீட்டில் தள்ளிவிட முடியாத பொருள் ஒன்று கூடத்தின் நடுவே கிடந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்திறங்கிய பெரிய அட்டைப்பெட்டி அது. அதனுள்ளிருந்து ஒரு சிறுவனின் குரல் மட்டும் கேட்டது: “உள்ளே போங்க, உள்ளே போங்க! படியில நிக்காதீங்க!”

தாய்க்குப் பெரும் வெட்கம். “மன்னிச்சிடுங்க சாமி, நாலு நாளா இந்தக் குப்பையை விடமாட்டேங்கிறான். அவங்க மாமா துபாயிலேர்ந்து வாங்கிட்டு வந்த கார் பீரோ மேல கெடக்குது” என்றார். அண்ணாந்து பார்த்தேன். மின்கலத்தால் ஓடும் அழகிய சிவப்புக் கார், கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். “உடைச்சிடுவான், சாமி” என்பது விடை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் என் உள்ளத்தை விட்டகலவில்லை. விலை கொடுத்து வாங்கிய பொம்மையைப் பெற்றோர் காவல் காக்கின்றனர். விலையற்ற பெட்டியையோ குழந்தை ஆள்கின்றான். கார் என்றும் காராக மட்டுமே இருக்கும். பெட்டி அன்று பேருந்து. மறுநாள் அது கடையாகும், அதற்கு மறுநாள் கவிழ்த்துப் போட்டால் குகையாகும். கிழிந்தாலும் எவரும் அடிக்கப் போவதில்லை. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், விளையாட்டுக்கென்றே உள்ள அருங்காட்சியகம் ஒன்று புகழ்பெற்ற விளையாட்டுப் பொருள்களைத் தெரிந்தெடுத்துச் சிறப்பித்து வருகின்றது. 2005-ஆம் ஆண்டில் அவ்வரிசையில் அட்டைப்பெட்டிக்கும் இடம் அளித்தார்கள். படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு நியாயம்தானே என்று தோன்றிற்று.

மரிய மாண்டிசோரி அம்மையாரை நம்மில் பலர் அறிவோம். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போர் ஆண்டுகளில் நம் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றியவர். அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 சனவரி 6-ஆம் நாள், மூவிராசாக்கள் திருநாளன்று, உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தொடங்கினார். அங்கே நல்ல பொம்மைகளும் வைக்கப்பட்டிருந்தன. ஆயினும் குழந்தைகள் அவற்றை நாடாமல், தொட்டு, அடுக்கி, மூடித் திறந்து செய்யக்கூடிய பொருள்களையே நாடியதை அவர் வியப்போடு எழுதி வைத்திருக்கின்றார். (பெட்டியைப் பேருந்தாக்கும் கற்பனை விளையாட்டுகளுக்கு அம்மையார் அவ்வளவாக இடம் தராதவர். இந்த ஒன்றில் நான் அவரோடு உடன்படுவதில்லை. அந்தச் சிறுவனின் நடத்துநர் குரலைக் கேட்டபின் எப்படி உடன்படுவது?)

இனி, என் குறையையும் சொல்லியாக வேண்டும். முன்னொரு பங்கில் நான் பணிபுரிந்தபோது, எறியும் பொருள்களைக் கொண்டு சிறுவர்கள் பொருள் செய்யும் போட்டி ஒன்றை நடத்தினோம். நடுவர் நானே. மருந்து அட்டைகளாலும் பற்பசைப் பெட்டிகளாலும் அமைந்த கோவில் ஒன்று, கோபுரமும் மணியும் வண்ண விளக்குமாக மேசைமேல் நின்றது. அதற்கே முதற்பரிசு கொடுத்தேன். அதைச் செய்தது யார் என்பதை அந்தப் பிள்ளையின் முகமே சொல்லிற்று. தன் கோவிலைத் தொடவும் அது அஞ்சியது. மேசையின் ஓரத்தில், ஒரு பவுடர் டப்பாவில் நான்கு பாட்டில் மூடிகளைக் கோணல்மாணலாகக் கட்டிய ஏதோ ஒன்று இருந்தது. இது என்ன என்று கேட்கவும் எனக்கு நேரமில்லை. அதைச் செய்த சிறுமி பரிசளிப்பு முடியுமுன்பே அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் சிறு வயதில் பாலிஷ் டப்பா மூடிகளைச் சக்கரமாக்கி வண்டி ஓட்டியவன் நான். தீப்பெட்டிப் படங்களைப் பணமாக எண்ணிச் சேர்த்தவன். எனக்கே அன்று கண் மறைந்துவிட்டது.

ஆகவே பெற்றோர்க்கு நான் கூற விரும்புவது இதுவே: பொருளைக் கொடுங்கள்; செய்துகொடுக்காதீர்கள். கொடுப்பதிலும் நம் வேலை சிறிது உண்டு. அட்டைப்பெட்டிகளில் கம்பித் தைப்பு இருந்தால் முதலில் பிடுங்கிவிட வேண்டும். தகர டப்பாவின் விளிம்பைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வாய்க்குள் அடங்கும் மூடி, மணி, மாத்திரை அட்டைத் துண்டு எதையும் 3 வயது நிரம்பாத குழந்தையிடம் தரலாகாது. நெகிழிப் பையை எந்த வயதினரும் தலையில் மாட்டும்படி விடலாகாது. பூச்சிமருந்தும் கழிவறை அமிலமும் இருந்த புட்டிகள், எத்தனை முறை கழுவினாலும், விளையாட்டுக்கு ஆகா. மற்றவற்றைக் கழுவி வெயிலில் உலர்த்தி ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். மைதா மாவைக் காய்ச்சிய பசை ஒரு கிண்ணம் போதும்.

ஒரே அளவான ஆறு சிறு டப்பாக்கள் கிடைத்தால், இரண்டில் அரிசியும், இரண்டில் புளியங்கொட்டையும், இரண்டில் மணலும் இட்டு மூடியை இறுக ஒட்டிவிடுங்கள். ஆட்டிக் கேட்டு, ஓசையால் இணை சேர்க்கட்டும். மாண்டிசோரிப் பள்ளிகளில் இதற்கென்றே மர உருளைகள் உண்டு, விலை அதிகம். அட்டைப்பெட்டியின் துண்டு ஒன்றைத் தண்ணீரில் ஊறவிட்டு உரிக்கச் சொன்னால், இரண்டு தாள்களுக்கிடையே மூன்றாவது தாள் ஒன்று அலையலையாய் மடிந்திருப்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். பிறகு ஒரு சாதாரணத் தாளை இரு டப்பாக்களின்மேல் பாலமாக வைத்தால் தம்ளர் விழுந்துவிடும். அதே தாளை விசிறிபோல் மடித்து வைத்தால் தாங்கும். நீங்கள் விளக்க வேண்டியதில்லை. தம்ளர் மட்டும் எவர்சில்வராக இருக்கட்டும்.

சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொன்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளர் திரு. அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் பகுதியில் சிற்றூர்ப் பள்ளிகளின் அறிவியல் கல்விப் பணியோடு தொடர்பு கொண்டபோது, மிதிவண்டிக்குரிய மெல்லிய இரப்பர் வால்டியூபைத் துண்டுகளாக்கித் தீக்குச்சிகளை இணைக்கும் முறையைக் கண்டார். (நம் வீட்டில் மருந்தைச் சுரண்டிய குச்சிகளையே கொடுப்போம்.) நான்கு குச்சிகளால் செய்த சதுரம் விரலால் அழுத்தினால் சாய்கின்றது, மூன்றால் செய்த முக்கோணம் சாய்வதில்லை. ஓட்டு வீட்டுக் கூரைச் சட்டங்கள் ஏன் முக்கோணமாய் இருக்கின்றன என்பதை அந்தப் பிள்ளையின் விரல் அறிந்துகொள்கின்றது. பழம்பொருள்களால் விளையாட்டுக் கருவிகள் செய்வதற்கே தம் வாழ்நாளை ஈந்த அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சென்ற கோடை விடுமுறையில் மறைக்கல்விச் சிறுவர்களுக்கு மீண்டும் ஒரு நாள் ஏற்பாடு செய்தோம். இம்முறை போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பங்கு மண்டபத்தில் பெட்டிகள், டப்பாக்களின் குவியல் நடுவே விட்டுவிட்டு, அருட்சகோதரி ஒருவர் காவலாக மூலையில் அமர்ந்துகொண்டார். பெற்றோர் வெளியே வேப்பமரத்தடியில்.

முதல் பத்து நிமிடம் எனக்குத் துயரமாக இருந்தது. பிள்ளைகள் கைகட்டி நின்றுகொண்டு, “என்ன செய்யணும் சிஸ்டர்?” என்றே கேட்டார்கள். நாலு வயதில் அக்கேள்வியை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம் அன்றோ? சகோதரி விடை சொல்லவில்லை. ஒரு பெண் குழந்தை முதலில் ஒரு பெட்டியை உதைத்தாள். அது நன்றாக உருண்டது. அதன்பின் மண்டபம் மண்டபமாக இல்லை. சன்னல் வழியே, “வீடு கட்டுடா, வீடு கட்டு!” என்று கூவிய ஒரு தந்தையை நானே தேநீர் கொடுத்து அப்பால் அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று.

முடிவில் ஒரு தாய் வருத்தத்தோடு என்னிடம் வந்தார். “எல்லாப் பிள்ளைங்களும் என்னென்னவோ செஞ்சிருக்குது சாமி. இவன் மட்டும் ஒண்ணுமே செய்யலையே” என்றார். அவருடைய மகன் சுவரோரம் அமர்ந்து, ஒன்றரை மணி நேரமும், பத்துப் புட்டிகளுக்கும் ஒரு குவியல் மூடிகளுக்கும் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றான். ஏழு புட்டிகள் மூடியுடன் வரிசையாய் நின்றன. எஞ்சிய மூன்றையும் கையில் அணைத்துக்கொண்டு தாய்க்குப் பின்னால் என் அறைக்கே வந்துவிட்டான். அவற்றின் மூடிகளை நான் எங்கே வைத்திருக்கின்றேன் என்பது அவன் கேள்வி. அன்று மாலை சமையலறையில் இருவரும் தேடினோம். இரண்டு கிடைத்தன.